கடிகாரம் நின்ற நொடி: கடைசி நேரத்தில் கைநழுவிப் போனதைக் கண்டவர்கள் எழுதுங்கள்

இடதுவிங்

2024 ஜூன் 1. தேதியைச் சொன்னாலே இங்கே பாதிப் பேருக்குப் புரிந்துவிடும். வெம்ப்ளியில் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம், ரியல் மாட்ரிட்டும் டோர்ட்முண்டும். ஆட்டம் தொடங்க இரண்டரை மணி நேரம் இருக்கும்போது கேப் கனாவரலில் போயிங்கின் ஆளேற்றும் விண்கலமான ஸ்டார்லைனர் புறப்பட வேண்டும். கணினியில் பாதித் திரையில் அதைச் சுமக்கும் அட்லஸ் ராக்கெட், மீதிப் பாதியில் கால்பந்து வீரர் எம்பாப்பே ரியல் மாட்ரிட்டுக்கு வருகிறாராம் என்ற வதந்திகள். என் தம்பி நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு நிமிடத்துக்கு ஒருமுறை "அறிவிப்பு வந்துவிட்டதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். 2022 மே 21 அன்று எம்பாப்பே பாரிஸிலேயே தங்கிவிட்ட காயம் அவனுக்கு. பெயர் அச்சிடாத ரியல் மாட்ரிட் வெள்ளை ஜெர்சி ஒன்றை இரண்டு வருடமாக அலமாரியில் வைத்திருந்தான்.

நான்கு நிமிடத்தில் நிறுத்தி வைத்திருந்த கடிகாரம் மறுபடி ஓடியது. 3:59, 3:58. நான் கைகளைக் கோத்துக்கொண்டேன். 3:50. நின்றது.

புகை இல்லை, சத்தம் இல்லை, ராக்கெட் அப்படியே நிற்கிறது. தம்பி, "இணையம் போய்விட்டது, திரும்பத் திற" என்றான். நானும் நம்பி, பக்கத்தைப் புதுப்பித்தேன். மீண்டும் 3:50. இன்னொரு முறை புதுப்பித்தேன். உள்ளே வில்மோரும் சுனிதா வில்லியம்ஸும் படுத்தவாக்கில் இருக்கிறார்கள். மே 6ஆம் தேதி ஒரு வால்வுக்காக இதே இருக்கையிலிருந்து இறக்கப்பட்டவர்கள். நான் என் வீட்டு இணைப்பைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 3 அன்று எம்பாப்பே அறிவிப்பு வந்தது. தம்பி குதித்த குதியில் அலமாரிக் கதவு கழன்றது. ஜூன் 5 அன்று ஸ்டார்லைனர் பறந்தது. அதை நான் பார்க்கவில்லை. வேலையில் இருந்தேன், மறந்தேபோனேன். அன்று பொத்தானை அத்தனை முறை அழுத்தியவன், பறந்த அன்று மறந்தது ஏன் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்.

விண்வெளிப்பித்து

முதலில் ஒரு திருத்தம். அது கைநழுவியது அல்ல. ஏவுதளத்தில் கவுன்டவுனை நடத்துவதற்கு மூன்று கணினித் தொகுப்புகள் உண்டு. கடைசி நான்கு நிமிடத்தில் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். அன்று ஒன்று பின்தங்கியது. மின்சாரம் வழங்கும் ஒரு பாகம் பழுது, அதை மாற்றினார்கள், பறந்தார்கள். இரண்டு சரியாக இருந்ததே, புறப்பட்டிருக்கலாமே என்று அன்றைக்கே பலர் எழுதினார்கள். உள்ளே ஆள் இருக்கும்போது அப்படி யாரும் கணக்குப் போட மாட்டார்கள்.

என் அனுபவம் சின்னது. 2023 பிப்ரவரி 27, விண்வெளி நிலையத்துக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஸ்பேஸ்எக்ஸின் குரூ-6 பயணம். அப்பாவைத் தொலைபேசியில் இருபது நிமிடம் பிடித்து வைத்திருந்தேன். இன்ஜினைப் பற்றவைக்கும் திரவம், காற்றுப் பட்டாலே எரிவது, சரியான அளவில் போய்ச் சேர்ந்ததா என்று உறுதியாகவில்லை. 2 நிமிடம் 12 நொடியில் நிறுத்தினார்கள். வடிகட்டி அடைத்திருந்தது என்று பிறகு தெரிந்தது. அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "சரி, வைக்கிறேன்" என்றார். மார்ச் 2 அன்று அது பறந்தபோது அழைத்தேன். எடுக்கவில்லை. வேண்டுமென்றே எடுக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

பதிவுமேசை

நீங்களாவது வெளியிலிருந்து பார்த்தீர்கள். ஒரு சிறிய கிளப்பின் அலுவலகத்தில் வீரர்களின் பதிவுகளைக் கையாளும் வேலையில் சில வருடங்கள் இருந்தேன். பெயர் வேண்டாம். வீரர்கள் கிளப் மாறுவதைப் பதியும் ஃபிஃபாவின் கணினி அமைப்பு, டிஎம்எஸ், தெரியும் அல்லவா? விற்கிற கிளப்பும் வாங்குகிற கிளப்பும் தனித்தனியாக விவரங்களை நிரப்ப வேண்டும். இரண்டும் எழுத்துக்கு எழுத்து பொருந்தினால்தான் அடுத்த படி. காலக்கெடு முடியும் நாள் அன்று. எங்கள் பக்கத்தில் இரண்டாம் தவணைத் தேதி ஒன்று, அவர்கள் பக்கத்தில் வேறொன்று. ஒரு மாத வித்தியாசம். யார் தவறு என்று பேச நேரமில்லை. அவர்களுடைய அலுவலகத்தில் தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கிறது.

கிளப் மாற வேண்டிய பையன் வெளியே நடைபாதையில் உட்கார்ந்திருந்தான். காலணிப் பையை மடியில் வைத்திருந்தான், கீழே வைக்கவில்லை. கண்ணாடிக் கதவு வழியே ஒவ்வொரு முறை நான் தலைதூக்கும்போதும் எழுந்து நின்றான். காலக்கெடு முடிந்த பிறகும் நான் தலைதூக்கினேன், அப்போதும் எழுந்தான்.

லெஸ்டர் சிட்டிக்கு 14 நொடி என்று எல்லோரும் சிரிப்பார்கள். 2017 ஆகஸ்ட் 31 அன்று டிரிங்க்வாட்டரை செல்சிக்கு விற்றுவிட்டு, அவர் இடத்துக்கு ஏட்ரியன் சில்வாவை வாங்கினார்கள். காகிதங்கள் 14 நொடி தாமதம். ஜனவரி வரை அவர் ஒரு போட்டியில்கூட ஆட முடியவில்லை, பயிற்சி மட்டும். ஒரு கோடைக்காலத் திட்டம் முழுவதும் அந்த 14 நொடிக்குள் விழுந்துவிட்டது. என்னால் சிரிக்க முடியவில்லை.

கோல்கம்பம்

2018 ஜூலையில் ரோமில் படித்துக்கொண்டிருந்தேன். பிரேசில் வீரர் மால்கோம் வருகிறார் என்று ரோமா கிளப்பே எழுதிவிட்டது, அவருடைய பிரெஞ்சு கிளப் போர்டோவுடன் ஒப்பந்தம் முடிந்தது என்று. சியாம்பினோ விமான நிலையத்துக்கு ஓடினோம். விமானம் வரவில்லை. மறுநாள் பார்சிலோனாவில் இருக்கிறார். என் பக்கத்தில் நின்றவர் கழுத்துத் துண்டை நிதானமாகச் சுருட்டி, ஒன்றும் நடக்காததுபோல் வேறொரு வாயிலுக்குப் போய் வருகைப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். நெடுநேரம் படித்தார். அவ்வளவுதான் கதை.

நதிக்கரை

2025 ஜூலை 31, டைட்டஸ்வில், இந்தியன் ஆற்றங்கரை. குரூ-11. நானும் மகளும் காலையிலேயே இடம் பிடித்துவிட்டோம். எதிரே தண்ணீருக்கு அப்பால் 39ஏ ஏவுதளம், ராக்கெட் வெள்ளைக் குச்சி போல. வெயில் தாங்கவில்லை, ஆனால் வானம் எங்களுக்கு நன்றாகத்தான் தெரிந்தது.

கரையில் இருப்பவர்கள் எல்லோரும் கைப்பேசியில்தான் நேரலை கேட்பார்கள். ஒவ்வொன்றும் சில நொடி முன்பின்னாக ஓடும். அதனால் செய்தி ஒரே நேரத்தில் வராது. முதலில் இடப்பக்கத்தில் ஒரு "ஐயோ". பிறகு பின்னால். பிறகு எங்கள் வரிசை. 1 நிமிடம் 7 நொடி இருக்கும்போது மேகத்துக்காக நிறுத்திவிட்டார்கள்.

மகள் கைப்பேசியைப் பார்த்து எண்ணவில்லை, தானாகவே எண்ணிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. சுற்றிலும் நாற்காலிகளை மடிக்கிறார்கள். அவள் முப்பது, இருபத்தொன்பது என்று போகிறாள். சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தேன், முடியவில்லை. பூஜ்யம் வரை வந்தாள். ராக்கெட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், நான் ஏதோ செய்துவிட்டதுபோல.

பத்துமுறைபார்த்தவன்

இங்கே எல்லோரும் ஒரே தவறைத்தான் செய்திருக்கிறீர்கள். என் கதையை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன்: ஸ்பேஸ்எக்ஸ் முதன்முதலில் ஆட்களை ஏற்றிய டெமோ-2, 2020 மே 27, 16 நிமிடம் 54 நொடியில் வானிலைக்காக நிறுத்தினார்கள், அன்றிரவே ஊர் திரும்பியதால் மே 30ஐத் தவறவிட்டேன். அதிலிருந்து கற்றவை:

விண்வெளி நிலையத்துக்குப் போகும் ராக்கெட்டுக்குப் புறப்படும் நேரம் என்பது பெரும்பாலும் ஒரே ஒரு நொடிதான். நிலையத்தின் பாதை ஏவுதளத்துக்கு நேராக வரும் கணம் அது. "பத்து நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள்" என்று கரையில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஸ்பேஸ்எக்ஸின் பால்கன்-9 ராக்கெட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு: எரிபொருளைக் கடுங்குளிர்ச்சியாக்கி, ஆட்கள் உள்ளே அமர்ந்த பிறகு கடைசி 35 நிமிடத்தில்தான் நிரப்புகிறார்கள். நிறுத்தினால் மொத்தத்தையும் வடித்த பிறகுதான் ஆட்கள் ஏறிய பாலம் திரும்ப வரும், ஆட்கள் இறங்குவார்கள். ஸ்டார்லைனரின் அட்லஸில் முன்பே நிரப்பிவிட்டுப் பிறகுதான் ஆட்களை ஏற்றினார்கள்.

வானிலை அறிக்கையில் 90 விழுக்காடு சாதகம் என்று வரும். அது ஏவுதளத்துக்கு மட்டும். ராக்கெட் போகும் பாதை நெடுகிலும், அவசரத்தில் விண்கலம் விழக்கூடிய கடற்பகுதிகளில், அலையும் காற்றும் தனிக் கணக்கு. டிக்கெட் எடுக்கும்போது மூன்று நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் டிக்கெட்டை மாற்றக்கூடியதாக எடுங்கள். தொலைநோக்கி வேண்டாம், வெறுங்கண்ணால் பாருங்கள். முதல் முறை போகிறவர் தொலைநோக்கியைச் சரிசெய்வதற்குள் ராக்கெட் மேகத்துக்குள் போயிருக்கும்.

கால்பந்துக்கும் இதே விதி. "மருத்துவப் பரிசோதனை முடிந்தது" என்பது ஒன்றும் இல்லை. 2025 செப்டம்பர் 1 அன்று கிரிஸ்டல் பேலஸ் வீரர் கெஹி லிவர்பூலுக்காகப் பரிசோதனையையே முடித்துவிட்டார். மாற்று ஆள் கிடைக்காததால் அவருடைய கிளப் கடைசி நேரத்தில் பின்வாங்கியது. 2018இல் பிரெஞ்சு வீரர் ஃபெகிர் லிவர்பூல் சட்டையில் பேட்டியே கொடுத்துவிட்டார், பிறகு முழங்காலைக் காரணம் காட்டி முறிந்தது. கிளப்பின் பக்கத்தில் படம் வரும்வரை எதுவும் நடக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இடதுவிங் தம்பி ஜெர்சியை முன்கூட்டி வாங்கியது பிழை. நதிக்கரை நண்பர் குழந்தைக்கு முன்பே சொல்லி வைத்திருக்க வேண்டும்.

இடதுவிங்

ஐயா, நான் ஆலோசனை கேட்கவில்லை. ஜெர்சியை வாங்கியது தம்பி, நானல்ல. அவன் பிறகு அதில் எம்பாப்பேயின் எண் 9ஐ அச்சிட்டுவிட்டான். எம்பாப்பே 10க்கு மாறியதும் மறுபடி புலம்பினான். அது வேறு.

உதிரி ஆட்டக்காரர்

விண்வெளிப்பித்து அவர்களே, "பழுது, மாற்றினார்கள், பறந்தார்கள்" என்று மூன்று சொல்லில் முடித்துவிட்டீர்கள். பறந்த பிறகு என்ன ஆயிற்று? கலத்தைத் திருப்பும் சிறு இன்ஜின்களான த்ரஸ்டர்கள் ஒத்துழைக்கவில்லை, ஸ்டார்லைனர் ஆளில்லாமல் செப்டம்பரில் இறங்கியது. மேலே தங்கிய இருவரைக் கூட்டிவர குரூ-9இல் இரண்டு இருக்கை காலியாகப் போக வேண்டும். யாரை இறக்குவது? ஜீனா கார்ட்மன், ஸ்டெஃபனி வில்சன். கார்ட்மன் அந்தப் பயணத்தின் தலைவர். வில்சன் முன்பே மூன்று முறை நாசாவின் ஷட்டில் விண்கலத்தில் பறந்தவர். புறப்பட ஒரு மாதம்கூட இல்லாதபோது பெயர்கள் நீக்கப்பட்டன. சரியான முடிவுதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இறக்கப்பட்டவரைப் பற்றி இந்த இழையில் ஒருவரும் பேசவில்லை.

எனக்கு நடந்தது உள்ளூர் அளவில்கூடச் சிறியது. பருவம் தொடங்கும் முன் அணிப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். 22 பெயர், 23ஆவது வரி வெற்று. பயிற்சியாளர் என்னைத் தனியாக அழைத்து, "ஒருவர் வருகிறார், உன் இடத்தை அவருக்காக வைத்திருக்கிறோம்" என்றார். வருடம் முழுவதும் அந்த ஒருவர் வரவில்லை. எண் மட்டும் போட்டு, எதிரே ஒன்றும் எழுதாத அந்த வரி மழையில் நனைந்து, தாள் உரியும்வரை பலகையிலேயே இருந்தது. நான் தினமும் அதன் முன்னால் நின்று காலணி நாடாவைக் கட்டுவேன். வேறெங்கும் கட்டியிருக்கலாம்.

நதிக்கரை நண்பரே, உங்கள் மகள் பூஜ்யம் வரை எண்ணினாளே, அந்த ராக்கெட்டில் தலைவர் இருக்கையில் இருந்தவர் இதே கார்ட்மன்தான். வில்சன் அந்தப் பட்டியலில் இல்லை.

விண்வெளிப்பித்து

ஒப்புக்கொள்கிறேன். நான் இயந்திரத்தைப் பற்றி மட்டும் பேசினேன். ஆனால் இருக்கை கைமாறுவது எப்போதும் சோகம் இல்லை: 2021இல் இன்ஸ்பிரேஷன்4 என்ற தனியார் விண்வெளிப் பயணத்துக்கான குலுக்கலில் வென்றவர் எடை வரம்பைத் தாண்டியதால் தன் இடத்தை நண்பர் செம்ப்ராஸ்கிக்குக் கொடுத்தார்.

உதிரி ஆட்டக்காரர்

கொடுத்தது வேறு, எடுத்தது வேறு.

பத்துமுறைபார்த்தவன்

நதிக்கரை, மறுநாள் இருந்தீர்களா இல்லையா? ஆகஸ்ட் 1 அன்று பறந்ததே. அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

நதிக்கரை

இருந்தோம். உங்கள் மூன்று நாள் விதி தெரியாமலேயே இருந்தோம்.

கார்ட்மன் என்று இப்போதுதான் தெரிகிறது, நன்றி. மறுநாள் மகள் எண்ணவே இல்லை. என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் கத்தியபோதுதான் நிமிர்ந்தாள். நெருப்பு தெரிந்தது, ராக்கெட் ஏறியது, ஆனால் அந்தத் தூரத்துக்குச் சத்தம் வந்துசேர ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். "பொய்யாகப் போகிறதா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் சத்தம் வந்துவிட்டது; தண்ணீர் மேல் உருண்டு வந்து நெஞ்சில் இடித்தது. அவள் சட்டையை விட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.