லக்கி பேம்பூ: தண்டு அடியிலிருந்து மஞ்சளாகிறது, மேல் பாதியைக் காப்பாற்ற முடியுமா?

வணக்கம். கண்ணாடி ஜாடியில், தண்ணீரில் மட்டும் வளரும் மூன்று தண்டுகள். ஒன்று அடியிலிருந்து மஞ்சளாகி, அழுத்தினால் கொழகொழவென்று அமுங்குகிறது. வேர் கறுத்து நாற்றமடிக்கிறது. அதைத் தனியே எடுத்து, ஜாடியையும் கூழாங்கற்களையும் வெந்நீரில் கழுவியாயிற்று. மற்ற இரண்டின் வேர் ஆரஞ்சுச் சிவப்பில் கெட்டியாக இருப்பதால் அவை பிழைத்துவிடும். வேர் மூழ்கும் அளவே தண்ணீர், வாரம் ஒருமுறை மாற்றுகிறேன். நேர் வெயில் படாத ஜன்னலோரம்.

கெட்ட தண்டின் மேல் பாதி இன்னும் பச்சைதான். கணுவில்தான் வேர் விடும் என்பதால், கெட்டியான பகுதியில் ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டப் போகிறேன். வெட்டியதைத் தண்ணீரில் வைப்பதா, ஈர மணலில் நடுவதா? எதில் அழுகல் குறைவு?

இன்னொன்று: நல்ல தண்டுகளிலும் இலை நுனி காய்கிறது. குழாய்த் தண்ணீரை ஓரிரவு திறந்து வைத்தால் குளோரின் போகும். ஃபுளோரைடும் உப்பும் போகாது. லக்கி பேம்பூ உண்மையில் மூங்கில் அல்ல, டிரசீனா இனம்; அந்த இனத்துக்கு ஃபுளோரைடு ஆகவே ஆகாது. ஆர்ஓ தண்ணீருக்கு மாறினால் சத்துக்கு என்ன செய்வது? திரவ உரம் கொடுப்பவர்கள் ஒரு லிட்டருக்கு எத்தனை சொட்டு, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று சொல்லுங்கள். வெயிலில் வைக்கச் சொல்லாதீர்கள், இலை கருகிவிடும்.