ஆப்பிள் அயர்லாந்தில் கட்டாத வரி யாருக்குச் சேர வேண்டியது?

வணிகவியல் மாணவன்:
வணக்கம். ஆப்பிள் நிறுவனம் அயர்லாந்துக்கு 1,300 கோடி யூரோ வரிப் பாக்கியைச் செலுத்தியே ஆக வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பர் 10 அன்று இறுதியாகத் தீர்ப்பளித்தது. அந்தக் காலத்தில் அந்நாட்டின் நிறுவன வரியே 12.5 விழுக்காடுதான். அதைக்கூடக் கட்டாமல் இருக்க எப்படி முடிந்தது? வரி வாங்க வேண்டிய அரசே இந்தப் பணம் தனக்கு வேண்டாமென்று வழக்காடியது ஏன்?

கணக்கன்:
முதலில், இது கணக்கை மறைத்துச் செய்த வரி ஏய்ப்பு அன்று. ஐரோப்பாவில் எந்தக் கடையில் ஐபோன் வாங்கினாலும், ஏட்டளவில் அதை விற்றது அயர்லாந்தில் பதிவான ஆப்பிள் சேல்ஸ் இன்டர்நேஷனல் என்ற துணை நிறுவனமே. அங்கு குவிந்த லாபத்தில் ஒரு சிறு பகுதியை அயர்லாந்துக் கிளையின் பெயரிலும், மீதி அனைத்தையும் 'தலைமை அலுவலகம்' ஒன்றின் பெயரிலும் எழுதினார்கள். அந்தத் தலைமை அலுவலகத்துக்கு ஊழியரும் இல்லை, கட்டடமும் இல்லை, வரி கேட்க ஒரு நாடும் இல்லை. 2011இல் ஏறத்தாழ 1,600 கோடி யூரோ லாபத்தில் 5 கோடி மட்டுமே அயர்லாந்தில் வரிக்கு உட்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தின் கணக்குப்படி 2014இல் வரி விகிதம் 0.005 விழுக்காடு, அதாவது பத்து லட்சம் யூரோவுக்கு 50 யூரோ. மாதச் சம்பளக்காரருக்குப் பிடித்தம் போக மீதிதான் கைக்கு வருகிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்! இந்த ஏற்பாட்டை 1991இலும் 2007இலும் அயர்லாந்தின் வரித்துறையே ஏற்றுக்கொண்டது. ஒரு நிறுவனத்துக்கு மட்டும் அரசு காட்டிய இந்தச் சலுகை ஒன்றியத்தின் விதிகளுக்கு முரணானது என்று 2016இல் ஆணையம் முடிவு செய்ததே வழக்காயிற்று.

தென்றல்:
மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பொருளின் மதிப்பு உருவாவது கலிபோர்னியாவில் என்றும், எனவே வரியும் அமெரிக்காவுக்கே உரியது என்றும் ஆப்பிள் வாதிட்டது. 2020இல் ஒன்றியத்தின் கீழ் நீதிமன்றம் ஆப்பிளின் பக்கமே நின்றது. அயர்லாந்தின் தயக்கமும் புரியக்கூடியதே: 1980 முதல் கார்க் நகரில் ஆப்பிள் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தருகிறது, கொடுத்த வாக்கை அரசு மீறினால், அதை நம்பி வந்த மற்ற நிறுவனங்களும் யோசிக்கத் தொடங்கும்.

கணக்கன்:
அமெரிக்காவுக்கு உரியது என்றால் அந்தந்த ஆண்டிலேயே அங்கு கட்டியிருக்கலாமே. வெளிநாட்டு லாபத்தை உள்ளே கொண்டுவரும்வரை வரியைத் தள்ளிப்போட அந்நாட்டுச் சட்டம் இடம் கொடுத்தது. 2017இல் சட்டம் மாறி, 35 விழுக்காட்டுக்குப் பதில் ரொக்கமாக வைத்திருந்த வெளிநாட்டு லாபத்துக்கு 15.5 விழுக்காடு போதுமென்று ஆன பிறகே, சுமார் 3,800 கோடி டாலர் கட்டப்போவதாக ஆப்பிள் அறிவித்தது. வட்டியில்லாக் கடன் போல அத்தனை காலம்!

என் குறை வேறு. அந்தத் துணை நிறுவனத்தின் விற்பனை எல்லைக்குள் மத்திய கிழக்கும், ஆப்பிரிக்காவும், இந்தியாவும் இருந்தன. விற்பனை நடந்த நாடுகள் தம் பங்கைக் கேட்டால் அயர்லாந்துக்குரிய தொகை குறையலாம் என்று 2016இல் ஆணையமே சொல்லியிருந்தது. இருந்தும், நீதிமன்றம் தீர்ப்பளித்த பாக்கியின் பெரும்பகுதி போய்ச் சேர்ந்தது, வேண்டாமென்று சொன்ன அயர்லாந்துக்கே.