வேலைக்கு நடுவே ஒரு ஸ்தோத்திரம்: நீங்கள் பார்த்தவர்களைச் சொல்லுங்கள்

காரைக்குடியிலிருந்து:

ஞாயிறு ஆராதனையைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். திங்கள் முதல் சனி வரை, கையில் வேலையை வைத்துக்கொண்டே 'ஸ்தோத்திரம்' என்று கடவுளைத் துதிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்த ஒருவரை முதலில் சொல்கிறேன்.

பள்ளத்தூரில் ஒரு வீட்டு முகப்புக்குத் தரைக்கல் பார்க்க ஆத்தங்குடிக்குப் போயிருந்தேன். பட்டறையில் ஒரு அண்ணன் கல் போட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடியின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு. ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சிமெண்டை ஊற்றி, அச்சை அசங்காமல் தூக்கி, மணலும் சிமெண்டும் கலந்த பொடியைத் தூவி, கடைசியில் ஈரக் கலவையைப் போட்டுக் கரணையால் இழுத்துவிடுகிறார். இறுகிய பிறகு தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊற வேண்டும். கண்ணாடியில் படிந்திருந்த பக்கம்தான் நாம் மிதிக்கும் பக்கம், அந்த வழவழப்பே கண்ணாடியால் வருவது. அதனால் பிரித்துப் பார்க்கும்வரை பூ எப்படி விழுந்திருக்கிறது என்று போட்டவருக்கே தெரியாது.

பிரிக்கும்போதெல்லாம் அவர் "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றார். சத்தமாக இல்லை, பக்கத்தில் நின்றால்தான் கேட்கும். ஒரு கல்லில் சிவப்பு பச்சைக்குள் ஓடி, பூ கெட்டிருந்தது. அதற்கும் அதே வார்த்தை. "என்னண்ணே, வீணாப் போனதுக்குமா?" என்றேன். "கல்லுக்கா சொல்றேன் தம்பி? அவருக்குல்ல சொல்றேன்" என்று அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். 'உதடுகளின் கனியாகிய ஸ்தோத்திரபலி' என்று எபிரெயர் 13:15 சொல்வதைப் பல பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். அந்த வசனத்தில் 'எப்போதும்' என்று வருவது அன்றைக்குத்தான் உறைத்தது.

தேவகோட்டையிலிருந்து:

நாங்கள் கத்தோலிக்கர். எங்கள் அப்பத்தா ஒரு செட்டியார் வீட்டில் சமையல் பார்த்தார். நண்பகல் கோயில் மணி கேட்டால் அம்மியில் வைத்த மசால் அப்படியே இருக்கும். கையைக் கழுவிவிட்டு, காலை, நண்பகல், மாலை என்று கோயில் மணிக்குச் சொல்லும் மூவேளைச் செபத்தைச் சொல்வார். செபம் முடிந்ததும் அவராகச் சேர்த்துக்கொண்ட நன்றிகள் வரும்: கிணற்றில் தண்ணீர் இருப்பது, பேத்திக்குக் காய்ச்சல் விட்டது, மாங்காய் ஊறுகாய் பூசணம் பிடிக்காமல் இருப்பது. அந்த வீட்டு ஆச்சி முருகன் பக்தை. மணி அடித்துவிட்டால், "போய்ச் சொல்லிட்டு வா, கொழம்பு எங்கயும் ஓடிறாது" என்பாராம். பங்குச் சாமியாரை, அதாவது எங்கள் குருவை, வழியில் பார்த்தால் அப்பத்தாவுக்கு வணக்கம் கிடையாது, "தோத்திரம் சாமி"தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திருச்சபையின் அன்றாட மாலைச் செபமான மாலைப் புகழில் தினமும் லூக்கா நற்செய்தியில் வரும் மரியாவின் பாடல் உண்டு. காலைச் செபத்தில் அதே நற்செய்தியின் செக்கரியாவின் பாடல். மனசு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்றைய பங்கைச் சொல்லியாக வேண்டும். மனசில் வரும்போது துதித்தால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். எனக்கு மனசில் வருகிற நாட்கள் ரொம்பக் குறைவு.

ஓரியூர் எங்களுக்குத் தூரமில்லை. 1693 பிப்ரவரி 4 அன்று அங்கே விசுவாசத்துக்காக வெட்டுண்ட போர்த்துகீசிய இயேசு சபைக் குரு அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ), முந்தின நாள் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் சாவை ஆவலோடு எதிர்பார்ப்பதாகச் சொல்கிறார். அது புனிதர்களின் வழி. ஊறுகாய்க்கு நன்றி சொல்வது என்னாலும் முடியும்.

புதுவயலிலிருந்து:

எல்லாரும் நல்லதாகவே எழுதுகிறீர்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என் வீட்டுக்காரர் இறந்த வாரம் ஜெபிக்க வந்தவர்களில் ஒருவர், "ஸ்தோத்திரம் சொல்லுங்க சிஸ்டர், பாரம் குறையும்" என்றார். சொல்ல வாய் வரவில்லை. சொல்லாததால் விசுவாசம் குறைந்தவள் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

இரண்டு நாள் கழித்து அடுத்த தெரு அக்கா ஒருவர் வந்தார். எதுவும் சொல்லச் சொல்லவில்லை. பைபிளை எடுத்து 13ஆம் சங்கீதம் வாசித்தார். 'கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்' என்று தொடங்குவது. ஆறே வசனம்தான், முடியும்போது 'அவரைப் பாடுவேன்' என்கிறது. நான் அன்றைக்கு முதல் வசனத்தோடு நின்றுவிட்டேன், அக்காவும் மிச்சத்தைச் சொல்லும்படி வற்புறுத்தவில்லை. இப்போது காலையில் அடுப்பு பற்றவைக்கும்போது ஸ்தோத்திரம் சொல்கிறேன். யார் சொல்லியும் இல்லை, எப்போது திரும்பி வந்தது என்றும் தெரியவில்லை.

காரைக்குடியிலிருந்து, மறுபடியும்:

புதுவயல் அக்கா, நல்ல வேளை எழுதினீர்கள். துக்க வீட்டில் அடுத்தவர் வாயிலிருந்து ஸ்தோத்திரத்தைப் பிடுங்குவது எனக்கும் பிடிக்காது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே மைக்கில் அதைச் சொல்லி, அடுத்து என்ன பேசலாம் என்று யோசிக்கிறவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆத்தங்குடி அண்ணன் என்னைச் சொல்லச் சொல்லவே இல்லை.

கண்டனூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து:

எங்களுக்குக் கண்மாய் நிறைந்தால் நெல், இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. போன தடவை அரைக் கண்மாய்தான். விளைச்சலை ஆலயத்தில் காணிக்கையாகப் படைத்து ஏலம் விடும் அறுப்பின் பண்டிகைக்கு நெல் கொண்டுபோக வழியில்லாமல், கொல்லையில் காய்த்த ஒரே பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு போனேன். ஏலத்தில் எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டு, "திரும்ப விடுங்க" என்று காயை மேசைக்கே அனுப்பிவிட்டார். அடுத்தவரும் அப்படியே. கடைசியில் அது ஐயர், அதாவது எங்கள் சபைப் போதகர், வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் ஐயரம்மா அதில் பாதியைக் கூட்டாக வைத்து எங்கள் வீட்டுக்கே கொடுத்தனுப்பினார். உப்பு கொஞ்சம் தூக்கல்தான், ஆனாலும் ஸ்தோத்திரம் சொல்லித்தான் சாப்பிட்டோம்.