பேசாமல் ஆடும் ஆட்டங்கள்: நண்பர்கள் கூடிய இரவுகளில் நடந்தவை

ஓடக்கரை:

‘தி மைண்ட்’ ஆட்டத்தை இங்குள்ள பலரும் ஆடியிருப்பீர்கள் என்பதால் விதிகளை விரிக்கவில்லை. 2018இல் வோல்ஃப்காங் வார்ஷ் உருவாக்கியது. 1 முதல் 100 வரை எண்ணிட்ட சீட்டுகளை, வாய் திறவாமலும் சைகை காட்டாமலும், எல்லோருமாகச் சேர்ந்து ஏறுவரிசையில் இறக்க வேண்டும். யாருக்கு அடுத்து யார் என்ற முறை கிடையாது. பெட்டி வாங்கக் காசில்லாத விடுதிக் காலத்தில், பழைய ரெக்கார்டு நோட்டுகளின் அட்டையை நறுக்கி நாங்களே ஒரு கட்டு செய்துகொண்டோம்.

ஆளுக்கு நான்கு சீட்டு வரும் சுற்று அது. கீழே 61 கிடந்தது, என் கையில் 64 இருந்தது. இடையில் இரண்டே எண்கள்தானே என்று இறக்கப் போனேன். எதிரே இருந்த நண்பர் என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. தன் சீட்டின் ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். ஏனென்று தெரியாமலே என் கை நின்றது. அவர் 63ஐ இறக்கினார்.

அந்தச் சுரண்டல் சைகையா, பதற்றமா? காத்திருக்கும் நேரம் ஒன்றே பேச்சாக இருக்கும் ஆட்டத்தில் நகத்துக்கு இடமுண்டா என்று விடியும்வரை வாதிட்டோம். உங்களுக்கும் இப்படி நேர்ந்ததுண்டா?

பனங்காய்:

எண்களை வரிசைப்படுத்துவதை ஆட்டம் என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை, மன்னிக்கவும். பேசக் கூடாது என்ற கட்டுப்பாட்டின் உண்மையான சுவையை அறிய ஒரு சாதாரணச் சீட்டுக்கட்டில் 32 சீட்டுகளே போதும். யாழ்ப்பாணத்தில் 304 விளையாடாத திருமண வீடு உண்டா? ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2 என்று நான்கு இனங்களையும் கூட்டினால் 304 வரும் என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டியதில்லை.

அக்காவின் திருமணத்துக்கு முதல் நாள் இரவு, எதிரணியில் இருந்த பெரியப்பா 220 புள்ளி எடுப்பதாகக் கேட்டு, துரும்பைக் (மற்ற இனங்களை வெட்டும் இனத்தின் சீட்டை) கவிழ்த்து வைத்தார். என் கூட்டாளி டைமண்ட் ஜாக்கியை இறக்கினார். என்னிடம் டைமண்ட் இல்லை. ஆகவே ஸ்பேட் ஒன்பதைக் கவிழ்த்துப் போட்டேன். துரும்பு மூடியிருக்கும்வரை, கவிழ்த்த சீட்டை எடுத்துப் பார்க்கும் உரிமை துரும்பு வைத்தவருக்கு மட்டுமே உண்டு. பெரியப்பா அதன் ஒரு மூலையை மட்டும் உயர்த்தி, தேவைக்கு மேல் ஒரு கணம் கூடுதலாகப் பார்த்துவிட்டு, அப்படியே திரும்பக் கவிழ்த்தார். ஸ்பேட் துரும்பில்லை என்பது எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. ஆனால் நான் போட்டது என்னவென்று என் கூட்டாளிக்குத் தெரியாது. எதிரிகளான எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த ஒன்றை, அணி சேர்ந்தவர்களிடமிருந்து இருவருமே மறைத்துக்கொண்டு மீதி ஆட்டத்தை ஆடினோம். அந்தக் கூடுதல் கணம் யாரை ஏமாற்றுவதற்காக என்பதுதான் இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

வட்டமேசை:

என் அனுபவம் சிறியது. மாடி அறையில் நால்வர் பொய்ப் பகடை ஆடிக்கொண்டிருந்தோம். ஆளுக்கு ஐந்து பகடைகளைக் குலுக்கிக் கவிழ்த்து மூடி, எல்லோரிடமும் சேர்த்து இந்த எண் இத்தனை இருக்கும் என்று ஏற்றிச் சொல்லிக்கொண்டே போவதுதான் ஆட்டம். கண்ணாடித் தம்ளரில் பகடை தெரியும் என்பதால் எவர்சில்வர் டம்ளர்களை எடுத்தோம். சத்தம் கேட்டுக் கண்டிக்க மேலேறி வந்த வீட்டு உரிமையாளர், சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுத் தானும் உட்கார்ந்தார். மொத்தம் 25 பகடைகள். ‘ஒன்று’ எந்த எண்ணுக்கும் ஈடாகும் என்பதால், எந்த எண்ணும் சராசரியாக 8 அளவில்தான் வரும். அவரோ சற்றும் தயங்காமல் “பதினோரு ஐந்து” என்றார். நாங்கள் பொய் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் கீழிருந்து அவருடைய மனைவி அழைக்க, டம்ளரோடு பகடைகளைக் கலைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

நிற்க. யாரும் கேட்கவில்லை என்றாலும் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். சீட்டாடும் இரவில் பஜ்ஜியும் மிக்சரும் வேண்டவே வேண்டாம். எண்ணெய் பட்ட சீட்டு மறுநாளே ஒட்டிக்கொள்ளும். கொறிக்க ஏதாவது வேண்டுமென்றால் பொட்டுக்கடலை வையுங்கள். கண்ணாடி மேசையில் ஆடாதீர்கள். கவிழ்த்த சீட்டு கீழே பிரதிபலிக்கும். பழைய போர்வையை நான்காக மடித்து விரித்தால் சீட்டை எடுப்பதும் எளிது, பகடையின் ஓசையும் அடங்கும். ஒரு ஆட்டத்தைப் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது விதிகள் முழுவதையும் ஒப்பிக்காமல், முதல் கையை எல்லோரும் திறந்து வைத்து ஆடச் செய்யுங்கள். கையால் செய்யும் சீட்டுகளுக்கு மெல்லிய தாள் ஆகாது, விளக்கொளியில் எண் பின்புறமாகத் தெரிந்துவிடும். நண்பர் ஓடக்கரை செய்ததுபோல் தடித்த அட்டைதான் சரி. ஆனால் நகத்தால் சுரண்டிய சீட்டை உடனே மாற்றிவிட வேண்டும். சைகையா பதற்றமா என்ற கேள்வி இருக்கட்டும், அடுத்த முறை குலுக்கும்போது 63 எங்கே இருக்கிறது என்பது கண்ணுள்ள எவருக்கும் தெரிந்துவிடுமே!

மின்மினி:

பனங்காய் அவர்களின் கருத்துடன் எனக்கு உடன்பாடில்லை. 304இல் மௌனம் எதிரியை வெல்வதற்கான கருவி. கூடி ஆடும் ஆட்டத்திலோ அனைவரும் ஒரே பக்கம். அங்கே மௌனமேதான் எதிரி. ‘ஹனாபி’யை ஆடிப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். அந்துவான் பௌசா உருவாக்கியது. ஜெர்மனியில் ஆண்டுதோறும் சிறந்த ஆட்டத்துக்கு வழங்கும் ‘ஸ்பீல் டெஸ் யாரெஸ்’ விருதை 2013இல் பெற்றது. ஐம்பது சீட்டு கொண்ட சிறிய பெட்டிதான். ஐந்து நிறங்களிலும் 1 முதல் 5 வரை எல்லோருமாகச் சேர்ந்து வரிசையாக இறக்க வேண்டும். உங்கள் சீட்டுகளை உங்களைத் தவிர எல்லோரும் பார்க்கலாம்.

நீல நிறத்துக்கு இருப்பது ஒரே ஒரு 5. அது என் தம்பியின் கையில் இருந்தது, அவனுக்குத் தெரியாது. குறிப்புச் சொல்வதற்கான வில்லைகள் எட்டும் தீர்ந்துபோயிருந்தன. ஏதேனும் ஒரு சீட்டைக் கழித்தால்தான் வில்லை ஒன்று திரும்பக் கிடைக்கும் என்ற நிலையில், அவனது விரல் நேராக அந்த 5இன் மேல் போய் நின்றது. என் கணவர் செருமினார். தம்பியின் விரல் பக்கத்துச் சீட்டுக்கு நகர்ந்தது. 25க்கு 25 எடுத்தோம். தொண்டையில் கடலைத் தோல் சிக்கியதாகக் கணவர் சொல்கிறார். அந்த 25ஐ எங்கள் குறிப்பேட்டில் எழுதுவதா கூடாதா என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.

பனங்காய்:

மின்மினி அவர்களுக்கு: எங்கள் ஊரில் கூட்டாளி செருமினால் அந்தக் கை எதிரணிக்குப் போய்விடும், காரணம் கேட்க மாட்டார்கள். உண்மையாகவே இருமல் வந்தவர் எழுந்து முற்றத்துக்குப் போய் இருமிவிட்டு வருவார். அதுவரை சீட்டுகள் கவிழ்ந்தே கிடக்கும். உங்கள் குறிப்பேட்டில் அந்த 25ஐ எழுத வேண்டாம்.