கடிகாரம் பார்த்து நாவல் எழுதிய டிராலப்: நமக்கு இது சரிவருமா?

மாடிப்படி எழுதியது:

ஆண்டனி டிராலப்பின் சுயசரிதையைப் படித்து முடித்ததிலிருந்து ஒரே குழப்பம், அதான் இங்கே கேட்கிறேன். மனுஷன் இங்கிலாந்துத் தபால் துறையில் முழுநேர உத்தியோகம் பார்த்துக்கொண்டே காலை ஐந்தரைக்கெல்லாம் மேசையில் உட்கார்ந்துவிடுவாராம். கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு கால் மணி நேரத்துக்கு 250 சொல் என்று கணக்கு. வாரத்துக்கு இத்தனை பக்கம் என்று முதலிலேயே முடிவு செய்து நாட்குறிப்பில் குறித்துக்கொண்டே வருவார். சராசரி 40 பக்கம், 20க்கு இறங்கியதும் உண்டு, 112 வரை ஏறியதும் உண்டு. இப்படியே 47 நாவல்! 1858இல் தபால் வேலையாக எகிப்துக்குக் கப்பலில் போகும்போதுகூட விடவில்லை, பாதியில் எழுந்து ஓடிப்போய் வாந்தி எடுத்துவிட்டுத் திரும்ப வந்து எழுதியிருக்கிறார்.

என் கதை இதற்கு நேர்எதிர். மூடு வந்தால் ஒரே ராத்திரியில் ஒரு அத்தியாயம் எழுதிவிடுவேன், வராவிட்டால் மாதக்கணக்கில் அந்தக் கோப்பைத் திறக்கவே மாட்டேன். பாதி நாவல் அப்படியே கிடக்கிறது. கேள்வி இதுதான்: சொல்லை எண்ணி எண்ணி எழுதுகிறவனுக்குக் கதை எங்கிருந்து வரும்? இது கணக்குப்பிள்ளை வேலை மாதிரி இல்லையா? யாராவது இப்படி எழுதிப் பார்த்திருக்கிறீர்களா?

கீழவாசல் எழுதியது:

அதே புத்தகத்தில் முன்னால் உள்ள பக்கங்களைத் திரும்பப் பாருங்கள், உங்கள் கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. பெரிய இடத்துப் பிள்ளைகள் படித்த பள்ளியில் ஏழைப் பையனாகப் போய், யாரும் விளையாட்டில் சேர்த்துக்கொள்ளாமல் தனியாகத் திரிந்த காலத்தில், மனசுக்குள்ளேயே கதை கட்டிக்கொண்டு நடந்ததைச் சொல்கிறார் இல்லையா. ஒரே கதையை வாரக்கணக்கில், மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டு போவாராம். அதிலும் ஒரு கட்டுப்பாடு, நடக்கவே முடியாதது எதுவும் அதில் வரக்கூடாது. தான் ராஜா ஆகிவிட்டதாகவோ ஆறடி உயர அழகன் ஆகிவிட்டதாகவோ நினைத்துக்கொள்ள மாட்டார். இந்தப் பழக்கம் இல்லாவிட்டால் நாவல் எழுதியே இருக்க மாட்டேன் என்கிற அளவுக்குப் போகிறார்.

ஆக, அவருக்குக் கதை வந்தது மேசையில் இல்லை. கிராமங்களுக்குத் தபால் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்கக் குதிரைமேல் ஊர் ஊராகச் சுற்றிய ஆள் அவர். அந்தச் சுற்றில்தான் ஒரு கோடைக்கால மாலையில் சால்ஸ்பரி தேவாலய வளாகத்தில் உலாவும்போது ‘தி வார்டன்’ நாவலின் கரு தோன்றியது. எழுத ஆரம்பித்தது 1853 ஜூலையில், புத்தகம் வந்தது 1855இல். கால் மணிக்கு 250 சொல் எழுதுகிறவருக்கு ஒரு சின்ன நாவல் வெளியே வர அவ்வளவு நாள் ஆகியிருக்கிறது, அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடிகாரம் எழுதி இறக்குவதற்கு மட்டும்தான். அதிலும் முதல் அரைமணி நேரம் முந்தின நாள் எழுதியதைப் படிப்பதற்கு, வாக்கியங்களின் ஓசை காதில் சரியாக விழுகிறதா என்று பார்ப்பார். புதிதாக எழுதுகிறவர்கள் எல்லோரும் இதைச் செய்யவேண்டும் என்று அழுத்திச் சொல்கிறார். எல்லோரும் 250ஐப் பிடித்துக்கொள்கிறார்கள், இந்த அரைமணியை விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அதுதான் முக்கியம், ஏனென்றால் நேற்று விட்ட இடத்தின் குரல் காதில் இருந்தால் இன்றைக்கு மூடு வரவேண்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

ஈரவிறகு எழுதியது:

எல்லாம் சரி, அந்த ஐந்தரை மணிக்கு அவரை எழுப்பியது யார்? ஒரு வயதான வேலைக்காரர். குதிரை லாயத்து ஆள். காபியோடு வந்து எழுப்புவதற்காக வருஷத்துக்கு 5 பவுண்டு தனியாகக் கொடுத்தார். தன் வெற்றிக்கு வேறு யாரையும்விட அந்த ஆளுக்குத்தான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன் என்று டிராலப்பே எழுதியிருக்கிறார், அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். ஆனால் நம் வீட்டில் காலை ஐந்தரைக்குக் காபி போடுகிறவள் நான்தான், பால் பொங்குகிற நேரத்தில் கால் மணிக்கு எத்தனை சொல் வரும் என்று யாராவது கணக்குப் போட்டுச் சொல்லுங்கள் பார்ப்போம்.

அதனால் எனக்கு மகனைவிட அம்மாவின் கதைதான் உதவியது. பிரான்சிஸ் டிராலப் 50 வயதுக்கு மேல்தான் எழுதவே ஆரம்பித்தார், கணவர் கடனில் மூழ்கிக் குடும்பம் பெல்ஜியத்துக்கு ஓடவேண்டி வந்த காலம் அது. புரூஜ் நகரத்து வீட்டில் மகன் ஒருவன் காசநோயில் கிடக்கிறான், கணவருக்கும் முடியவில்லை, இந்த அம்மா ஒரு கையில் மருந்துப் புட்டி ஒரு கையில் மைப்புட்டி என்று இருந்து, நோயாளிகளையும் பார்த்துக்கொண்டு நாவலையும் எழுதிக் குடும்பத்துக்குச் சோறு போட்டார். விடிகாலை 4 மணிக்கு மேசைக்குப் போய், வீடு எழுந்திருப்பதற்குள் அன்றைய வேலையை முடித்துவிடுவார். ஆண்டனியின் அதிகாலைப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று இனி தேடவேண்டியதில்லை.

அமெரிக்க நாவலாசிரியர் டோனி மாரிசனும் இதே கட்சிதான். பதிப்பகத்தில் எடிட்டர் வேலை, தனியாளாக இரண்டு பையன்களை வளர்க்கவேண்டும், அவர்கள் அம்மா என்று கூப்பிடுவதற்குமுன் எழுதியாகவேண்டும் என்று விடியுமுன் எழுந்து பழகியவர். அவருக்குக் கடிகாரம் தேவைப்படவில்லை, காபியோடு உட்கார்ந்து வெளிச்சம் வருவதைப் பார்த்தால் போதும், எழுதும் மனநிலை வந்துவிடும். மாடிப்படி, உங்களுக்கும் அப்படி ஏதாவது ஒன்று கைக்கு அகப்படலாம், 250ஏ வேண்டும் என்று இல்லை.

பழையபேப்பர் எழுதியது:

நான் டிராலப்புக்கு அவ்வளவு மாலை போடமாட்டேன். 47இல் பாதியைப் படிக்கமுடியாது. ஒரு நாவலை முடித்த மறுநாளே அடுத்ததை ஆரம்பிக்கிற அவசரம் அதில் தெரிகிறது. இறந்தபிறகு 1883இல் அந்தச் சுயசரிதை வந்ததும் பேர் கொஞ்சம் அடிபட்டதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு நாவலுக்கும் எவ்வளவு வந்தது என்று பட்டியல் போட்டு, மொத்தம் கிட்டத்தட்ட 70,000 பவுண்டு என்று கூட்டிக் காட்டியிருக்கிறாரே! உள்ளுந்துதலை நம்புவதைவிட நாற்காலியில் செருப்புத் தைக்கிறவரின் மெழுகைப் பூசி உட்காருவது மேல் என்று வேறு சொல்லிவைத்தார்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர் நம் தொடர்கதைக்காரர்களைவிடக் கறார், அதைச் சொல்லியாகவேண்டும். முழு நாவலையும் எழுதி முடிக்காமல் முதல் பகுதியை அச்சுக்குக் கொடுப்பதில்லை என்பது அவர் கொள்கை. ஆங்கில நாவலாசிரியர் தாக்கரே ஆசிரியராக இருந்த ‘கார்ன்ஹில்’ பத்திரிகைக்காக 1860இல் ஒரு தடவை அதை மீறினார், 1,000 பவுண்டு என்றால் யார்தான் மீறமாட்டார்கள். நம் ஊரில் தலைகீழ். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கி பத்திரிகையில் வாராவாரம் வந்தது. அங்கே எழுதவைக்கிற கடிகாரம் அச்சகம்தான். முடிந்தபிறகும் வாசகர்கள் அந்தப் பாத்திரம் என்ன ஆனது, இந்தப் பாத்திரம் என்ன ஆனது என்று கேட்க, கல்கி முடிவுரை எழுதிப் பதில் சொல்லவேண்டியிருந்தது.

வாசகர் பேச்சு டிராலப்பையும் விடவில்லை. ஒருநாள் லண்டனில் கிளப்பில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார், பக்கத்தில் இரண்டு பாதிரியார்கள், இந்த ஆள் அதே பாத்திரங்களையே நாவலுக்கு நாவல் கொண்டுவருகிறார், அந்த மிசஸ் பிரௌடி தொல்லை தாங்கவில்லை என்று பேசிக்கொள்கிறார்கள். இவர் எழுந்துபோய், நான்தான் அந்த ஆள், இந்த வாரம் முடிவதற்குள் அவளைக் கொன்றுவிடுகிறேன் என்றார். சொன்னபடி கொன்றும்விட்டார், பிற்பாடு அதற்காக வருத்தப்பட்டார், அவளுடைய ஆவியோடுதான் இன்னும் வாழ்கிறேன் என்று எழுதினார். பாத்திரத்தை அப்படி மனசில் சுமந்தவரைக் கணக்குப்பிள்ளை என்று சொல்வதும் கஷ்டம்தான், அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

மாடிப்படி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அம்மா கதையை நான் படித்தபோது வேகமாகக் கடந்துபோயிருக்கிறேன், திரும்பப் படிக்கவேண்டும். இரண்டு சந்தேகம். தமிழில் 250 சொல் என்றால் அதிகம் இல்லையா, நாம் ஒரே சொல்லில் முடிப்பதை அவர்கள் மூன்று நாலு சொல்லில் சொல்கிறார்களே? அப்புறம், முடிவு தெரியாமல் தினமும் எழுத உட்காரலாமா? எனக்கு முடிவு இன்னும் தெரியவில்லை, அதனால்தான் நிற்கிறதோ என்னவோ. காலையில் செங்கல்பட்டிலிருந்து கிண்டிக்கு லோக்கலில் போகிறவன் நான், வீட்டில் அந்த நேரம் கிடைப்பதும் கஷ்டம்.

கீழவாசல் எழுதியது:

எண்ணிக்கையை நீங்களே குறைத்துக்கொள்ளுங்கள், 150 வைத்தாலும் போதும், ஆனால் எழுதாத நாளையும் குறித்து வையுங்கள். அவர் நாட்குறிப்பு வைத்ததே அதற்குத்தான், சும்மா இருந்த வாரம் கண்ணெதிரே வெறுமையாகக் கிடந்து உறுத்தவேண்டும் என்று.

முடிவைப் பற்றிக் கவலை வேண்டாம். அவர் காலத்து நாவலாசிரியர் வில்கி காலின்ஸ் கடைசி முடிச்சு வரைக்கும் திட்டம் போட்டுவிட்டு எழுதுகிறவர் என்று டிராலப் ஆச்சரியப்படுகிறார், தனக்கோ நாவலை ஆரம்பிக்கும்போது எப்படி முடியும் என்று தெரியாது, அதைப்பற்றி அக்கறையும் இல்லை என்கிறார். மனிதர்களைத் தெரிந்து வைத்திருந்தால் போதும் என்பது அவர் கட்சி. உங்கள் பாதி நாவலில் இருக்கிறவர்களை ரயிலில் போகும்போது மனசில் பேசவிட்டுப் பாருங்கள்.

ரயில் என்றதும்தான் ஞாபகம் வருகிறது, ‘பார்செஸ்டர் டவர்ஸ்’ நாவலின் பெரும்பகுதி ரயில் பெட்டியில் எழுதியது. மடியில் ஒரு சின்ன எழுதுபலகை, கையில் பென்சில், அதை மனைவி பிறகு நல்லபடி எடுத்தெழுதிக் கொடுப்பார். உங்களுக்குக் கைப்பேசி இருக்கிறது, எடுத்தெழுத ஆள் வேண்டாம். செங்கல்பட்டிலேயே ஏறுவதால் உட்கார இடமும் கிடைத்துவிடும், தாம்பரத்தில் கூட்டம் வந்து அமுக்குவதற்குள் 150 சொல் தாராளமாக ஓடும்.