ஆக்டிவ்எம்கியூ ஸ்டார்ட் ஆகவில்லையா? காகாடிபி லாக் பழுதுகள்: அனுபவப் பகிர்வு

ஆக்டிவ்எம்கியூ என்பது அப்ளிகேஷன்களுக்கு இடையே மெசேஜ்களை வாங்கிக் கொடுக்கும் ப்ரோக்கர்; அவற்றை டிஸ்க்கில் சேமித்து வைக்கும் அதன் ஸ்டோர்தான் காகாடிபி. ஸ்டார்ட் ஆகும்போது ஈஓஎஃப் எக்செப்ஷன் (கோப்பு எதிர்பாராமல் பாதியில் முடிந்துவிட்டது என்ற பிழை) வந்ததும் காகாடிபி ஃபோல்டரையே அழித்துவிடுகிறவர்கள் உண்டு. ப்ரோக்கர் எழுந்துவிடும், ஆனால் க்யூவில் காத்திருந்த மெசேஜ் ஒன்றுகூட மிஞ்சாது. டிபி-1.லாக், டிபி-2.லாக் என்று வரிசையாகப் போகிறவை ஜர்னல், அதாவது வருவதை வரிசையாக எழுதிவைக்கும் பதிவுக் கோப்புகள். டிஃபால்ட்டாக ஒவ்வொன்றும் 32 எம்பி வரை வளரும். மெசேஜ் இருப்பது இவற்றில்தான். டிபி.டேட்டா வெறும் இண்டெக்ஸ் (எந்த மெசேஜ் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை), டிபி.ரீடூ அதன் துணைக் கோப்பு. பல நேரம் கெட்டிருப்பது இண்டெக்ஸ் மட்டுமே.

பழைய ப்ராசஸ் உண்மையிலேயே செத்துவிட்டதா என்று பாருங்கள். ஃபோல்டர் முழுவதையும் காப்பி எடுங்கள். பிறகு டிபி.டேட்டா, டிபி.ரீடூ இரண்டை மட்டும் வேறிடத்துக்கு நகர்த்திவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். "ரெக்கவரிங் ஃப்ரம் த ஜர்னல்" என்று லாகில் வந்தால் இண்டெக்ஸை ஜர்னலிலிருந்து புதிதாகக் கட்டுகிறது என்று பொருள். பல ஜிபி ஜர்னல் என்றால் நேரம் பிடிக்கும். தொங்கிவிட்டது என்று நினைத்து நடுவில் கில் -9 (ப்ராசஸை அந்த நொடியே கொல்லும் கட்டளை) அடிக்காதீர்கள்.

*

"குட் நாட் லொகேட் டேட்டா ஃபைல்" என்று வந்தால் மேலே சொன்னது போதாது, அங்கே ஜர்னலே காணோம். கான்ஃபிக்கில் காகாடிபி டேகுக்குள் இக்னோர்மிஸ்ஸிங்ஜர்னல்ஃபைல்ஸ், செக்ஃபார்கரப்ட்ஜர்னல்ஃபைல்ஸ் இரண்டையும் ட்ரூ ஆக்கினால் கெட்ட பகுதியைத் தாண்டி எழும். அந்தப் பகுதியில் இருந்த மெசேஜ்கள் போனது போனதுதான். எழுந்ததும் முதலாவதை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த இழப்பு சத்தமில்லாமல் நடக்கும்.

பலர் கவனிக்காதது: அக்நாலெட்ஜ்மென்ட்டும் (மெசேஜை முடித்துவிட்டேன் என்று அதை வாங்கும் அப்ளிகேஷனான கன்ஸ்யூமர் சொல்லும் ஒப்புதல்) ஜர்னலில்தான் எழுதப்படுகிறது. அது இருந்த கோப்பு தொலைந்து, மெசேஜ் இருந்த கோப்பு தப்பினால், எப்போதோ முடித்த மெசேஜ் மறுபடி டெலிவரி ஆகும். பணம் கழிக்கிற கன்ஸ்யூமர் என்றால் மெசேஜ் ஐடியை வைத்து டூப்ளிகேட்டைத் தடுத்த பிறகே கனெக்ட் செய்யுங்கள்.

*

ரெண்டு போலிப் பழுதுங்க. லாக் ஃபைல் (இது பதிவு லாக் இல்ல, ஒரு நேரத்துல ஒரே ப்ரோக்கர் எழுதணும்னு போடுற பூட்டு, lock) வேற சர்வர்கிட்ட இருக்குன்னு சொல்லிட்டு ஸ்லேவ் மோட்ல, அதாவது பூட்டு கிடைக்கிற வரைக்கும், காத்திருந்தா அது கரப்ஷனே இல்ல, இன்னொரு ப்ராசஸ் ஓடிட்டிருக்கு. "லாக்"ங்கிற அந்த ஃபைலை அழிச்சு ரெண்டு ப்ரோக்கரையும் ஒரே ஜர்னல்ல எழுத விட்டா அப்புறம் நிஜமாவே கெடும். இன்னொண்ணு, யாராவது ஒருமுறை ரூட்ல ஸ்டார்ட் பண்ணியிருப்பாங்க. புது ஜர்னல் ரூட் பேர்ல கிடக்கும், ஆக்டிவ்எம்கியூ யூசரால திறக்க முடியாது. சிஹெச்ஓன் (ஃபைலோட ஓனரை மாத்துற கட்டளை) போட்டா முடிஞ்சது.

*

கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் நிறுத்துகிற விதம். டாக்கர் ஸ்டாப் டிஃபால்ட்டாக 10 விநாடிதான் பொறுக்கும், குபர்னெட்டிஸ் 30. அதற்குள் செக்பாயின்ட் (இண்டெக்ஸை டிஸ்க்கில் எழுதி முடிப்பது) முடியாவிட்டால் சிக்கில்தான், அதாவது அதே கில் -9. அந்த அவகாசத்தை 120 விநாடி ஆக்குங்கள். டிஸ்க் நிரம்புவது அடுத்த காரணம். ஸ்டோர் யூசேஜ் வரம்பைப் பார்ட்டிஷன் அளவைவிடக் குறைவாக வையுங்கள், ரெக்கவரிக்கு முன் எடுக்கிற காப்பிக்கும் இடம் வேண்டும். ஜர்னல் டிஸ்க் சிங்க்கை (எழுதியதை உடனே டிஸ்க்கில் உறுதி செய்வதை) வேகத்துக்காக ஆஃப் செய்திருந்தால், கரண்ட் போகிற ஒவ்வொரு முறையும் கடைசி ஜர்னலின் வால் சந்தேகத்துக்குரியது.