நிமிர்ந்து உட்காருன்னு சொல்லியும் தீராத கேஸ்கள்: நீங்க பார்த்ததை எழுதுங்க

கழுத்து_பிசியோ:

ஒரு கேஸ் மண்டையைக் குடைஞ்சுக்கிட்டே இருக்கு, அதான் இந்தத் திரி. லேப்டாப் வேலை, முப்பது வயசு இருக்கும், கழுத்திலிருந்து வலது தோள்பட்டைச் சப்பை வரைக்கும் இழுக்கிற வலி. கை மரத்துப்போகலை, பிடி தளரலை. லேப்டாப்பைத் திறந்து வழக்கம்போல வேலை பாருங்கன்னா, அணிவகுப்புல நிக்கிற மாதிரி நெஞ்சைத் தூக்கி, இடுப்பை உள்ளே வளைச்சு உட்கார்றார். "மூணு மாசமா இப்படித்தான் சார், வலி கூடுதே தவிர குறையலை." நாலாவது நிமிஷம் தாடை தானா முன்னாடி ஊர்ந்து வந்துடுச்சு. அவருக்கே தெரியலை.

நெஞ்சைத் தள்ளினா அது நிமிர்வு இல்லைன்னு இங்க யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. முதுகை ஒட்டி ஓடுற தசைகள் ஒரே இறுக்கத்துல நின்னா சீக்கிரம் களைச்சுடும், களைச்சதும் உடம்பு பழைய இடத்துக்கே விழும். லேப்டாப்ல திரையும் கீபோர்டும் ஒட்டிப் பிறந்தது. கைக்கு வசதியா வெச்சா கழுத்து குனியும், கண்ணுக்கு உயர்த்தினா தோள் தூக்கிக்கும். அதனால ஸ்டாண்டில் ஏத்தி, திரையோட மேல் விளிம்பைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து, கீபோர்டும் மவுஸும் தனியா வெச்சாச்சு. முதுகைச் சாய்மானத்தில் விட்டு 100–110 டிகிரியில் உட்காரச் சொல்லியாச்சு. தாடை உள்ளிழுக்கிற பயிற்சியும் கொடுத்தாச்சு: பார்வை நேரா, திறந்த டிராயரைத் தள்ளி மூடுற மாதிரி தாடையை மட்டமா பின்னாடி, 5 நொடி பிடி, 10 தடவை. (தாடையைக் கீழே குனிச்சுட்டு "செஞ்சுட்டேன்"னு சொல்றவங்கதான் அதிகம். அவரும் முதல்ல அதைத்தான் செஞ்சார்.)

பாதி வலி போச்சு. மீதி போகலை. தாடை இன்னும் ஊர்ந்துதான் வருதாம்.

கண்ணாடி_அளவு:

"திரையோட மேல் விளிம்பு கண் மட்டம்". இதைப் பொத்தாம்பொதுவா எழுதாதீங்க சார், அதோட விளைவு எங்க கவுன்ட்டருக்குத்தான் வருது.

ஐம்பது தாண்டின ஒரு அம்மா, கணக்கு வேலை. ப்ரோகிரசிவ் கண்ணாடியில் பவர் தப்புன்னு மூணாவது தடவை வந்தாங்க. பவரில் தப்பே இல்லை. அங்க இருந்த திரையில் ஒரு வரி படிக்கச் சொன்னதும், தாடை விட்டத்தைப் பார்த்துப் போகுது, பின்னங்கழுத்துல மூணு மடிப்பு விழுது. அந்த மூணு மடிப்பை இன்னும் மறக்க முடியலை. யாரோ நல்லெண்ணத்துல அவங்க மானிட்டருக்கு அடியில் ரெண்டு தடிப் புத்தகம் வெச்சிருக்காங்க.

ப்ரோகிரசிவ்ல மேல்பகுதி தூரத்துக்கு, அடிப்பகுதி படிக்க, நடுவுல ஒடுக்கமா ஒரு பாதை இடைத்தூரத்துக்கு. திரை உயர்ந்தா அந்தப் பாதையை எட்டத் தலையைப் பின்னாடி சாய்ச்சே ஆகணும், வேற வழி கிடையாது. புத்தகத்தை எடுத்து, மானிட்டரை மேஜையோட இறக்கி, மேல் விளிம்பைக் கொஞ்சம் பின்னாடி சாய்ச்சா பெரும்பாலும் தீர்ந்துடும். தீரலைன்னா கம்ப்யூட்டருக்குன்னு தனிக் கண்ணாடி. அதுக்கு மூக்குத்தண்டிலிருந்து திரை வரைக்கும் டேப் வெச்சு அளந்து எண்ணை எழுதிட்டு வரணும். "ஒரு கை தூரம்"னு சொன்னா எங்களுக்குப் போதாது, 50 சென்டிமீட்டருக்குத் தேவையான பவர் வேற, 75க்கு வேற.

உங்க ஆள் கண்ணாடி போட்டவரா? அதை எழுதவே இல்லையே.

வலி_வாத்தியார்:

கழுத்துப் பேச்சு வந்தா அடுத்து அந்த 27 கிலோ படத்தை யாராவது ஒட்டுவாங்க, அதுக்கு முன்னாடியே எழுதிடறேன்.

கல்லூரிப் பையன், தோள் வலின்னு வந்தான். உட்கார்ந்ததும் போனை எடுத்தான். முழங்கை காத்துல, போன் கண்ணுக்கு நேரா, சிலை மாதிரி. "குனிஞ்சா கழுத்துல 27 கிலோ ஏறும்னு படிச்சேன்." கழுத்தைக் காப்பாத்தறேன்னு தோளைக் கெடுத்துக்கிட்டான்! ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் அப்படின்னு கேட்கவே மனசு வரலை.

அந்த எண் 2014இல் கென்னத் ஹன்ஸ்ராஜ் வெளியிட்ட கம்ப்யூட்டர் மாதிரிக் கணக்கு. தலை நேரா இருந்தா சுமார் 5 கிலோ, 60 டிகிரி குனிஞ்சா 27 கிலோ. ஆள் கழுத்தில் கருவி வெச்சு அளந்தது இல்லை. குனிஞ்சா சுமை கூடும், அது சரிதான். ஆனா கூடின சுமையைத் தாங்கத்தான் தசை இருக்கு, அரை மணி நேரம் அசையாம தாங்கினாத்தான் வலி. போனை நெஞ்சு உயரத்துல பிடி, முழங்கைக்கு மடியில் ஒரு தலையணை கொடு, கழுத்தை விடக் கண்ணைத் தாழ்த்து. இதுக்கு மேல அந்தப் பையனுக்கு ஒண்ணும் சொல்லலை. பயத்தை ஏத்தி அனுப்பினா இறக்கறது கஷ்டம்.

நாற்காலி_ஆய்வு:

வாத்தியார் சொன்னதோட இன்னொரு கதையையும் சேர்த்துப் புதைக்கணும்: "நிக்கிறதை விட உட்கார்ந்தாலே டிஸ்க்குல 40 சதவீதம் அழுத்தம் கூடும்" (டிஸ்க்னா முதுகெலும்புகளுக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கிற வட்டு). அது சுவீடன் மருத்துவர் நாகெம்சன் பல பத்தாண்டுகளுக்கு முன்னாடி அளந்தது. 1999இல் வில்கே குழு ஒரே ஒரு தன்னார்வலரோட டிஸ்க்குக்குள்ள உணர்கருவி வெச்சு அளந்தப்போ, நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல், சாய்மானம் இல்லாம உட்கார்ந்தா 0.46. கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஏறினது வேற இடத்துல. நின்னபடி முன்னாடி குனிஞ்சா 1.1, முதுகை வளைச்சு 20 கிலோ தூக்கினா 2.3, அதையே முழங்காலை மடக்கித் தூக்கினா 1.7. ஒரு ஆளோட அளவுங்கறதை மறக்கக் கூடாது, ஆனாலும் நாற்காலி மேல மட்டும் பழி போடாதீங்க.

நான் பார்த்தது: உயர்ரக நாற்காலி, எட்டு லீவர். அதுல உட்கார்ந்திருந்த குள்ளமான பொண்ணு, நாற்காலி நுனியில், கட்டைச் சுவர்ல உட்கார்ந்த மாதிரி. கால் தரையைத் தொடலை, ரெண்டு கட்டைவிரல் நுனியும் சக்கரத்துக் கம்பியில் தொத்திக்கிட்டு இருக்கு. இடுப்புத் தாங்கி அவங்களுக்கு ஒரு சாண் பின்னாடி, யாருக்கோ காத்துக்கிட்டு.

காரணம் இருக்கையோட ஆழம். பின்னாடி தள்ளி உட்கார்ந்தா விளிம்பு முழங்காலுக்குப் பின்னாடி குத்தும், அதனால முன்னாடி வந்துடுவாங்க, வந்துட்டா சாய்மானம் போச்சு. எல்லாரும் சாய்மானத்துல இருந்து திருக ஆரம்பிக்கிறாங்க, அங்கதான் தப்பு. முதல்ல உயரம்: பாதம் முழுசாத் தரையில் படணும். அடுத்து ஆழம்: புட்டம் பின்னாடி ஒட்டியிருக்கும்போது முழங்கால் மடிப்புக்கும் விளிம்புக்கும் நடுவுல ரெண்டு, மூணு விரல் போகணும். அதுக்கப்புறம்தான் இடுப்புத் தாங்கி, பெல்ட் கட்டற உயரத்துல. கைப்பிடி கடைசி. தோள் தூக்காம முழங்கை 90 டிகிரியோ கொஞ்சம் கூடுதலோ இருக்கணும், ஆனா கைப்பிடி மேஜை விளிம்புல இடிச்சா நாற்காலி உள்ளே போகாது, ஆள் மறுபடி நுனிக்கே வந்துடுவார். இடிச்சா இறக்கிடுங்க, முடிஞ்சா கழட்டிடுங்க. மேஜையை இறக்க முடியலைன்னா நாற்காலியை உயர்த்திக் காலுக்குப் பலகை. ஆழம் குறைக்க லீவர் இல்லைன்னா முதுகுக்குப் பின்னாடி கெட்டியான குஷன், மெத்து மெத்துன்னு இருந்தா அமுங்கிப் போய்ப் பிரயோஜனம் இல்லை.

அந்தப் பொண்ணுக்கு வேண்டியிருந்தது ஒரு கால் பலகையும் ஒரு குஷனும்தான்.

அப்புறம், எவ்வளவு சரியாப் பொருத்தினாலும் அரை மணிக்கு ஒரு தடவை அசையணும். பெரியவங்களோட டிஸ்க்குக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது, சுமை ஏறி இறங்கும்போது நீரும் சத்தும் ஊறிப் போய் வர்றதுதான் அதுக்குச் சாப்பாடு. சாயங்காலம் உயரம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குறையறதும் அந்த நீர் வெளியேறித்தான். நின்னு வேலை செய்யற மேஜையும் இதுக்கு மாற்று இல்லை. முழங்காலைப் பூட்டிக்கிட்டு ரெண்டு மணி நேரம் நிக்கிறவங்க இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு வர்றாங்க. நின்னா ஒரு காலை 10–15 சென்டிமீட்டர் உயரக் கட்டையில் வெச்சு, கால் மாத்தி மாத்தி நிக்கணும்.

ஊசிநூல்:

டிஸ்க் எல்லாம் எனக்குத் தெரியாது, தையல்காரன். ஆனா கூனல் எங்க டேப்புக்குத்தான் முதல்ல தெரியும். பின்பக்க நீளம் கூட்டி வெட்டலைன்னா சட்டையோட பின் விளிம்பு மேல ஏறிடும்.

பதிமூணு வயசுப் பொண்ணு, வலது தோள் தூக்கல். அம்மா, "ஒரே தோள்ல பை மாட்டி மாட்டி இப்படி ஆயிடுச்சு"ன்னு திட்டிக்கிட்டே நிக்கிறாங்க. டேப் கீழ விழுந்தது, பிள்ளை குனிஞ்சு எடுத்துச்சு. முதுகோட வலது பக்கம் மட்டும் மேடா எழும்புச்சு, நிமிர்ந்ததும் காணோம். என்ன சொல்றதுன்னு தெரியாம தோள் அளவை மட்டும் எழுதி வெச்சேன்.

கழுத்து_பிசியோ:

அண்ணே, அதையே அவங்ககிட்ட சொல்லியிருக்கணும். இப்பவும் சொல்லுங்க. நீங்க பார்த்தது டாக்டர்கள் வேணும்னே செய்யச் சொல்லிப் பார்க்கிற சோதனை. காலைச் சேர்த்து, முழங்காலை மடக்காம, உள்ளங்கை ரெண்டையும் சேர்த்துத் தொங்கவிட்டுக் குனியணும். பின்னாடி இருந்து பார்த்தா விலா ஒரு பக்கம் மேடாத் தெரியும். முதுகெலும்பு பக்கவாட்டுல வளைஞ்சு சுழண்டிருக்குன்னு சந்தேகப்படணும், எக்ஸ்ரே எடுத்துக் கோணம் அளக்கணும். அது பையால வர்றது இல்லை. வளர்ற வயசுல வேகமாக் கூடலாம், அதனால எலும்பு டாக்டர்கிட்ட சீக்கிரம் போகணும். அந்தப் பிள்ளையைத் திட்டி நிமிர்த்த முடியாது.

மூட்டு_வார்டு:

திட்டி நிமிர்த்த முடியாத இன்னொருத்தர். இருபத்தெட்டு வயசு. "கூன் போடாதே"ன்னு வீட்டுல அஞ்சு வருஷமாச் சொல்லிக்கிட்டு இருந்திருக்காங்க. சுவர்ல குதிகால், புட்டம், முதுகு ஒட்டி நிக்கச் சொன்னோம். பின்மண்டைக்கும் சுவருக்கும் நடுவுல நாலு விரல் இடைவெளி. தாடையைத் தூக்காம தலையை ஒட்டுங்கன்னா முடியலை. "சுவர் கோணலா இருக்கு சிஸ்டர்"னு சிரிச்சார்.

காலையில் எழுந்தா அரை மணிக்கு மேல விறைப்பு, நடந்தா குறையும், படுத்தா கூடும், பின்னிரவுல வலி எழுப்பிவிடும். இது உட்கார்ற விதத்தால வர்ற வலி இல்லை, முதுகெலும்பு மூட்டுகளோட அழற்சி. 45 வயசுக்குள்ள ஆரம்பிச்சு மூணு மாசம் தாண்டின முதுகு வலிக்கு இந்தக் கேள்விகளைக் கேட்டே ஆகணும், வாதநோய் மருத்துவர்கிட்ட அனுப்பணும். சிறுநீர் கட்டுப்பாடு போறது, உட்கார்ற இடம் மரத்துப்போறது, கால் பலம் குறையறது இருந்தா அன்னிக்கே அவசரச் சிகிச்சை. அதுல நாற்காலியும் தலையணையும் பேசிக்கிட்டு இருக்கக் கூடாது.

கண்ணாடி_அளவு:

எல்லாம் சரி. என் கேள்விக்குப் பதில் வரலை.

கழுத்து_பிசியோ:

கண்ணாடி இல்லை மேடம். ஆனா நீங்க கேட்டதால அவரை வரவழைச்சு டேப் வெச்சாச்சு. முதுகு சாய்மானத்துல இருக்கும்போது கண்ணுக்கும் திரைக்கும் 78 சென்டிமீட்டர். நாலு நிமிஷம் கழிச்சு 55. திரை சின்னது, எழுத்து பொடி. சாய்ஞ்ச இடத்துல இருந்து ஒரு வரி படிங்கன்னா முடியலை. தாடை முன்னாடி வந்தது களைப்புல மட்டும் இல்லை, படிக்க.

ஸ்டாண்டை 60 சென்டிமீட்டருக்கு இழுத்து, எழுத்து அளவை 125 சதவீதத்தில் இருந்து 150 ஆக்கியாச்சு. பத்து நிமிஷம் பார்த்தேன், தலை சாய்மானத்தை விட்டு வரலை. கண் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்திருக்கு.

கண்ணாடி_அளவு:

வரும்போது அந்த 60ஐ எழுதிக் கொண்டு வரச் சொல்லுங்க.